எங்கள் ஆடுகளும் அவர்களுடைய வேட்டைப் பருவமும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூனையைச் சுடவேண்டும் என்று முதன்முதலில் சொன்னவன் நான்தான். சுவிஸில், லுசேர்ணில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில், கையில் கத்தியும் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனுமாக நின்று, "சுட்டுத் தள்ளச் சொல்லுங்கோ அதை" என்றேன். ஆகவே காட்டு விலங்குக்காகக் கண்ணீர் விடுகிற ஆள் என்று என்னை யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் முதலில் பூனைமேல்தான் இருந்தது. பிறகு அது இடம் மாறிவிட்டது.

எம்மன்புரூக்கேயில் நாங்கள் மூன்று குடும்பம், டீட்டிகோனில் இரண்டு குடும்பம். ஊரில் செய்வது போல இங்கும் பங்கு இறைச்சி போடுவோம். எல்லோருமாக ஒரு ஆட்டை வாங்கி, அடித்து, ஈரல், நெஞ்சு, தொடை, குடல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துச் சமமாகக் கூறு போட்டு எடுத்துக்கொள்வது. ஆரம்பத்தில், மலையடியில் பண்ணை வைத்திருந்த ஒரு விவசாயியிடம் பெருநாளுக்குப் பெருநாள் ஆடு வாங்கினோம். சில வருடங்களுக்குப் பிறகு அவரே ஒரு வழி சொன்னார். குட்டிகளை நாங்கள் வாங்கி அவரிடமே விட்டுவிடலாம், அவருடைய சரிவில் சும்மா கிடக்கும் புல்லை அவை மேயட்டும், பதிலுக்கு நாங்கள் சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்து கொடுத்தால் போதும். அப்படியே நடந்தது. வைக்கோல் அடுக்கினோம், குளம்பு வெட்டினோம், அவருடைய கொட்டிலுக்குக் கூரை மாற்றினோம்.

ஆடு எங்களுடையது, காதில் குத்திய இலக்கம் அவருடையது. பண்ணை உள்ளவர் பெயரில்தான் இங்கே ஆட்டைப் பதியலாம். அதை நாங்கள் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. மனுசன் நல்ல மனுசன், கை கொடுத்து ஒத்துக்கொண்டது, இதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

இந்த நாட்டில் நான் தொட்டு வேலை செய்த எதுவும் என்னுடையதாக இருந்ததில்லை. சட்டி ஹோட்டலுடையது, வீடு வாடகை, கார்கூட வங்கிக்காரனுடையது. அந்தச் சரிவில் மட்டும் பதினொரு ஆடுகள் எங்களுடையவை என்று நின்றன. சனிக்கிழமை காலையில் நான் சப்பாத்தைப் போட்டால் மனைவி தன் தங்கைக்குப் போனில், "அத்தான் சொத்துப் பாக்கப் போறார்" என்று சொல்லிச் சிரிப்பாள். பகிடிதான். ஆனால் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அதைக் கேட்பதற்காகவே சப்பாத்தை மெதுவாகக் கட்டுவேன்.

அவள் தங்கையின் கணவர், என் சகலன், டீட்டிகோனில் ஒரு பெரிய பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். மன்னாரில் காட்டோரக் கிராமத்தில் பிறந்தவர். எங்கள் ஐந்து குடும்பத்திலும் ஆட்டைக் கூறு போடத் தெரிந்தவர் அவர்தான். தராசு வைக்காமலே எங்கள் ஐந்து கூறையும் விவசாயிக்கு ஒன்றையும் ஒரே நிறையாகப் போடுவார். கூறு போடுகிறவருக்குத் தலை என்பது எங்கள் வழக்கம். தலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு ஞாயிறு காலை விவசாயி எனக்குப் போன் எடுத்தார். மறி ஆடு ஒன்று செத்துக் கிடக்கிறது, லுக்ஸ் அடித்ததுபோல இருக்கிறது என்றார். லுக்ஸ் என்பது இங்குள்ள பெரிய காட்டுப் பூனை. ஒரு பெரிய நாயின் உயரம், குட்டை வால், காது நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம், உடம்பெல்லாம் புள்ளி. ஒருகாலத்தில் இந்த மலைகளில் அதைச் சுட்டே அழித்துவிட்டார்கள். பிறகு அவர்களே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அதைச் சட்டம் காக்கிறது. விவசாயி சொன்னதைக் கேட்டபோதுதான் நறுக்கிய வெங்காயத்தை விட்டுவிட்டு நான் சுடச் சொன்னேன். ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள், விட்டுவிட்டு வர முடியாது. சகலனைக் கூப்பிட்டேன்.

"நீர் ஒருக்கா ஓடிப்போய்ப் பாரும். நான் வேலை முடிய வாறன்."

"ஓம் அண்ணை, இப்பவே வெளிக்கிடுறன்."

அவர் போனார். பார்த்தார். கழுத்தில் பல் பதிந்திருந்தது, பின்தொடை ஒன்று தின்னப்பட்டிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. விடியற்காலைக் குளிர், இறைச்சி புதிதாக இருந்தது. அவர் பிறந்த இடத்தில் சிறுத்தை அடித்துப்போட்ட மாட்டில் நல்ல பக்கத்தை எடுத்துக்கொள்வது வெட்கப்படும் காரியம் இல்லை, பழுதாக விடுவதுதான் வெட்கம். போனில் ஒரு படம் எடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பினார். "லுக்ஸ் எங்களுக்கும் மிச்சம் விட்டிருக்கு" என்று கீழே எழுதியிருந்தார். பிறகு காரில் இருந்த கத்தியை எடுத்தார். பூனை வாய் வைக்காத பக்கத்தை வெட்டி எங்கள் ஐந்து வீட்டுக்கு மட்டும் கூறு போட்டார். தலையைக் கழுத்தோடு தனக்கு எடுத்துக்கொண்டார். மிச்சத்தை ஆழமாகத் தோண்டிப் புதைத்து மேலே கல்லும் வைத்தார். கடைசியில் குழாயைக் கொண்டுவந்து புல்லை மினுமினுக்கக் கழுவிவிட்டார். விவசாயி தேவாலயத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது அங்கே ஆடு செத்ததற்கான ஒரு அடையாளமும் இல்லை.

பின்னேரம் வனவிலங்குக் காவலர் வந்தார். இந்த மாதிரி நேரங்களில் என்ன அடித்தது என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. அவர் சொன்னால்தான் அது லுக்ஸ், சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நானும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஈரப் புல்லின் நடுவில் நின்றுகொண்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். கழுத்து எங்கே? லுக்ஸ் கழுத்தைத்தான் கடிக்குமாம், பல்லின் இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடுமாம். சகலனுக்குப் போன் எடுத்தேன்.

"அது கறியாப் போச்சே அண்ணை. இப்பதான் அடுப்பால இறக்கினது."

இதை நான் ஜெர்மனில் சொல்ல வேண்டியிருந்தது. கழுத்து டீட்டிகோனில் இருக்கிறது, சமைத்தாயிற்று என்று சொன்னேன். காவலர் சிரிக்கவில்லை. செத்த ஆட்டை இந்த நாட்டில் யாரும் உண்ணக் கூடாது என்று எனக்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். பிறகு விவசாயியைப் பார்த்து, இந்த ஆட்டை எது கொன்றது என்று இனி என்னால் சொல்ல முடியாது என்றார். விவசாயி என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று மாலை சகலனைப் பிடித்துக் கத்தினேன்.

"உமக்கு விசரோ? யாரையும் கேக்காமல் வெட்டுவீரோ?"

"அவ்வளவு நல்ல இறைச்சி அண்ணை. மண்ணுக்குள்ள புதைக்கிறதோ? எங்கட ஆடுதானே. ஆரைக் கேக்கிறது?"

 என் வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஒரு கூறு இருந்தது. மனைவி அதைச் சமைக்கவும் மாட்டேன், எறியவும் மாட்டேன் என்று அப்படியே வைத்திருந்தாள்.

சில வாரங்களுக்குப் பிறகு இரண்டாவது ஆடு போனது. இந்த முறை யாரும் கிட்டப் போகவில்லை. ஈயைக்கூடக் கலைக்கவில்லை. காவலர் வந்து பார்த்து, லுக்ஸ்தான் என்று சொல்லிவிட்டார். செத்த ஆட்டுக்கு முன்னால் ஒரு கமராவைக் கட்டிவிட்டுப் போனார். பூனை மிச்சத்தைத் தின்னத் திரும்பி வந்தது, படத்தில் விழுந்தது. அந்தப் படத்தை அவர் எங்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு லுக்ஸின் புள்ளியும் வேறு வேறாம், எங்கள் கைரேகை மாதிரி. "இதை எனக்குத் தெரியும்" என்றார் அவர். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கிழட்டு ஆண் பூனையாம்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆளைத் தெரிந்துவிட்டது, இனி என்ன, சுடலாம்தானே என்று கேட்டேன். வழி இருக்கிறது என்றார். முதலில் மின்வேலி போட வேண்டும், இரவில் ஆடுகளைக் கொட்டிலுக்குள் விட வேண்டும். அதற்குப் பிறகும் அதே பூனை வந்து அடித்தால் அந்த ஒன்றைச் சுட அனுமதி கேட்கலாம். எனக்கு அது நியாயமாகப் பட்டது. களவெடுக்கிறவனுக்கு முதலில் கதவைப் பூட்டிப் பார்ப்போம், பிறகும் உடைத்துக்கொண்டு வந்தால் அவனாச்சு. வாற சனிக்கிழமையே ஐந்து வீட்டு ஆம்பிளைகளும் வந்து வேலியைப் போட்டுத் தருகிறோம் என்று விவசாயியிடம் சொன்னேன்.

அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் பேசியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"கொஞ்சம் பொறு. வேட்டைச் சங்கத்து ஆக்கள் வந்து கதைச்சவை. ஊர்ச் சபைக் கூட்டத்தில ஒரு கோரிக்கை வைக்கப் போகினம். இப்ப வேலி போட்டா, பிரச்சினை முடிஞ்சுது எண்டு சொல்லிப்போடுவினம்."

"கூட்டத்துக்கு முன்னம் இன்னொண்டு போனா?"

"போனா எங்கட பக்கம் இன்னும் பலமாகும்."

அப்போதுதான் முதல் தடவையாக எனக்கு அந்த மனுசன்மேல் சுருக்கென்று கோபம் வந்தது. போவது எங்கள் ஆடு, பலமாவது அவர்களுடைய பக்கம். இது என்ன கதை? ஆனாலும் நிலம் அவருடையது. அவர் சொல்லாமல் ஒரு கம்பத்தை நட முடியாது. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கோரிக்கையின் பிரதியை அவர் எனக்கும் தந்தார். ஒவ்வொரு குளிர்காலமும் லுக்ஸுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட வேட்டைப் பருவம் வேண்டும், இத்தனை பூனை என்று அளவு வைத்துச் சுட விடவேண்டும், அதை ஊர்ச் சபை மாநிலத்துக்கும் மாநிலம் தலைநகர் பேர்னுக்கும் எடுத்துச் சொல்லவேண்டும். இரண்டு தடவை வாசித்தேன். முதல் வரியில் ஆடு இருந்தது. மிச்சமெல்லாம் மான். காட்டில் மான் குறைந்துவிட்டது, மான் குறைந்தால் வேட்டைக்காரருக்கு என்ன மிச்சம், லுக்ஸ் வாரத்துக்கு ஒரு மானைத் தின்கிறது, இப்படியே போனது. தங்களுக்கு மான் வேண்டும் என்று நேரே கேட்டிருந்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை. வேட்டையாடுகிறவனுக்கு மான் ஆசை இருப்பது குற்றமா? ஆனால் வாசலில் எங்கள் செத்த ஆட்டைக் கட்டிவிட்டு உள்ளே மான் வியாபாரம் செய்வது எந்த ஊர் நியாயம்?

மனைவி வாசித்துவிட்டு, "இதில உங்கட ஆடு எங்க இருக்கு?" என்றாள். முதல் வரியைக் காட்டினேன். "அது பொட்டு வைச்சது" என்றாள்.

கூட்டத்துக்கு நீயும் வா, உன்னைக் கண்டால் ஆட்களுக்கு விளங்கும் என்று விவசாயி கேட்டார். சகலன் எடுத்த படத்தையும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. எழும்பி நின்று, எங்களுக்கு எல்லாப் பூனையும் வேண்டாம், அந்த ஒன்றுதான், வேலியை முதலில் போடுவோம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஹோட்டலில் லீவு எடுத்து, சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை ஜெர்மனில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பஸ்ஸில் இருந்தேன்.

கூட்டம் பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஒரு பெண் என் முகவரியைக் கேட்டாள். எம்மன்புரூக்கே என்றேன். வாக்கில்லாத விருந்தினர்கள் அந்தப் பக்கம் என்று சுவரோரமாக இருந்த ஒரு வரிசைக் கதிரைகளைக் காட்டினாள். என்னிடம் இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது, எம்மன்புரூக்கேயில் வாக்குப் போடுகிறேன். இந்த ஊரில் எனக்கு வாக்கு இல்லை. அது சட்டம், அதில் எனக்குக் கோபம் இல்லை. போய் இருந்தேன். பக்கத்தில் பச்சைக் கம்பளி ஜாக்கெட் போட்ட ஒருவர் வந்து இருந்தார். வேட்டைச் சங்கத்தின் தலைவர். லுசேர்ணில் பல் வைத்தியர், அவருக்கும் இங்கே வாக்கில்லை. என்னைத் தெரியாமலே ஒரு பெப்பர்மிண்ட் நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன்.

பாதைக்குத் தார் போடுவது, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் முடிந்த பிறகு லுக்ஸ் வந்தது. தலைமை தாங்கியவர், விஷயம் தெரிந்த விருந்தினர் என்று சொல்லிப் பல் வைத்தியரை ஒலிவாங்கிக்கு அழைத்தார். அவர் எழுந்து போனார். திரையில் எங்கள் மறி வந்து விழுந்தது. சகலன் எடுத்த படம். இரண்டாவது ஆட்டைக் காவலர் படம் எடுத்திருந்தார், அதுதான் லுக்ஸ் அடித்ததென்று நிரூபித்த ஆடு. ஆனால் சகலன் எடுத்ததில் இரத்தம் கூடுதலாகத் தெரிந்தது, அதனால் அதைப் போட்டார்கள். படத்தின் மூலையில் அவருடைய சப்பாத்து நுனி தெரிந்தது. "இந்த ஊர் விவசாயி ஒருவரின் ஆடு" என்றார் பல் வைத்தியர். முன்வரிசையில் இருந்த எங்கள் விவசாயி பாதி எழுந்து, "ஓம், என்ர ஆடு" என்றுவிட்டு இருந்தார்.

என்ர ஆடு. சரி, காதிலுள்ள இலக்கம் அவருடையது, கூட்டத்தில் அப்படித்தான் சொல்லவேண்டி இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானம் ஒரு நிமிடம் நின்றது.

நடுவரிசையிலிருந்து ஒரு இளம் பெண் எழும்பினாள். அந்த ஊர்ப் பாடசாலையில் படிப்பிக்கிறவள், கோரிக்கைக்கு எதிரான பக்கம். திரையில் இருக்கும் இந்த ஆட்டை எது கொன்றது என்று நிரூபிக்கப்படவில்லை என்றாள். காவலர் வருவதற்கு முன்னமே அதைக் கத்தியால் வெட்டியிருக்கிறார்கள், தான் கேள்விப்பட்டபடி அதைத் தின்றது எம்மன்புரூக்கேப் பக்கத்து ஆட்கள் என்றாள். மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது.

"அப்ப அவையளுக்கும் ஒரு வேட்டைப் பருவம் வேணும்."

முதலில் சிரிக்காதவர்களும் இதற்குச் சிரித்தார்கள். கூட்டத் தலைவர் மணியை அடித்தார், அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நான் விவசாயியைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். தன் கொட்டிலுக்குக் கூரை மாற்றித் தந்த ஆட்கள் அவர்கள் என்று அந்த ஆள் எழும்பிச் சொல்லவில்லை. எனக்கு மண்டை கொதித்தது. வாயில் பெப்பர்மிண்ட் கரைந்துகொண்டிருந்தது, அதைத் துப்பக்கூட இடமில்லை.

கையை உயர்த்தினேன். கூட்டத் தலைவர் மிகவும் மரியாதையாக, விருந்தினர்கள் பேச முடியாது என்றார். பல் வைத்தியர் அப்போதுதான் பேசி முடித்து, ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். அவரும் விருந்தினர், நானும் விருந்தினர். அவர் விஷயம் தெரிந்த விருந்தினர். செத்தது என் ஆடு, எனக்கு விஷயம் தெரியாது. விவசாயி ஒரு சொல் சொல்லியிருந்தால், இந்த ஆளையும் கதைக்க விடுங்கள் என்று கேட்டிருந்தால், சபை ஓம் என்றிருக்கும். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை கொஞ்ச நேரம் மேலே நின்றது, பிறகு நானே இறக்கிக்கொண்டேன்.

கை தூக்கி எண்ணினார்கள். கோரிக்கை நிறைவேறியது. எதிர்ப்பக்கமும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை, பேர்னில் எப்படியும் இழுபடும் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் எழும்பி வைன், சீஸ் வைத்திருந்த மேசைப் பக்கம் போனார்கள். சண்டை பிடித்தவர்கள் ஒருவருக்கொருவர் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் பல் வைத்தியரிடம் போனேன். நானாகத்தான் போனேன்.

அந்த ஆடு என்னுடையது என்று சொன்னேன். அவர் விவசாயி இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார்.  பிறகு கேட்டேன். பருவம் வந்தால், எங்கள் ஆட்டை அடித்த பூனை எது என்று எப்படிக் கண்டுபிடித்துச் சுடுவீர்கள்? காவலருக்கு அதன் புள்ளி தெரியும், துவக்கோடு மரத்தடியில் காத்திருக்கிற உங்களுக்குத் தெரியுமா?

"பருவமெண்டா அப்பிடி ஆள் பாத்துச் சுட ஏலாது" என்றார். "எது முன்னால வருதோ அதுதான். கடைசியில கணக்குச் சரியா வரும்."

"எங்கட ஊரில ஆமிக்காரரும் அப்பிடித்தான் செய்தவை" என்றேன். "றோட்டில குண்டு வெடிச்சா, அதுக்குப் பிறகு முதல்ல வாற சைக்கிளை மறிப்பினம். என்ர அண்ணை பாண் வாங்கப் போனவர்."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கையை வைத்தார். "அது மனுசர். இது காட்டு மிருகம். ரெண்டையும் ஒண்டாக்கக் கூடாது" என்றார். உண்மைதான். அண்ணைக்கும் பூனைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? பல் வைத்தியர் வந்து படிப்பிக்க வேண்டுமா? செய்தவனைப் பிடிக்க வழி இருக்கும்போது, அவனைப் போல ஒன்றைச் சுட்டுவிட்டுக் கணக்குச் சரி என்று எழுதுகிற அந்தப் புத்தியைத்தான் நான் சொன்னேன். அது அவருக்கு ஏறவில்லை. அண்ணையைப் பற்றி நான் வெளியாட்களிடம் பேசுவதே இல்லை. என் பிள்ளைகளுக்கே முழுதாகச் சொன்னதில்லை. அந்தச் சீஸ் தட்டுக்கு முன்னால் அவரை எடுத்து வைத்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது, இன்றைக்கும் நினைத்தால் வருகிறது.

வாசலில் விவசாயியைப் பிடித்தேன். எங்கள் ஆட்டை அந்தக் கோரிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அவர் என்னை ஆறுதல்படுத்துவது போலச் சிரித்தார்.

"நீ ஏன் யோசிக்கிறாய்? கடுதாசியில உன்ர ஆடு எண்டு ஒண்டுமே இல்லையே."

அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. எனக்கு ஒரு வில்லங்கமும் வராது, நிம்மதியாக வீட்டுக்குப் போ என்ற அர்த்தத்தில்தான் சொன்னார்.  வெட்கமாகச் சொல்லியிருந்தால், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து கால் நீட்டி இருந்தாள். கேட்டு முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"அப்ப இன்னும் என்னத்துக்கு அங்க விட்டு வைச்சிருக்கிறியள்? எங்கட எண்டா எடுத்துக்கொண்டு வாங்கோ."

வேறு பண்ணை தேடினோம். டீட்டிகோன் பக்கத்தில் இருவரிடம் கேட்டோம், இடமில்லை என்றார்கள். வீட்டு மாடியில் ஆடு கட்ட முடியாது. கடைசியில் பெரிய ஆடுகளை எல்லாம் அடித்து முடித்துவிடுவது என்று ஐந்து குடும்பமும் ஒத்துக்கொண்டது. குட்டிகளை வேறொருவர் வாங்கிக்கொண்டார். சகலனுக்கு மனமே இல்லை. "வேலியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம் அண்ணை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போட விட்டால்தானே ஐயா என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன். விவசாயி ஒரு மறுப்பும் சொல்லவில்லை. கொண்டுபோவதற்கு வேண்டிய கையெழுத்தை உடனே போட்டுத் தந்தார்.

விவசாயியின் ஊர் இறைச்சிக்காரர் ஆடுகளை அடித்து உரித்துத் தந்தார். அவருடைய பின்கட்டில் நீட்டு மேசையில் சகலன் கூறு போட்டார். அவ்வளவு இறைச்சியை ஒரே நாளில் நாங்கள் ஒருபோதும் பிரித்ததில்லை.  நான் மேசையை எண்ணினேன். ஆறு கூறு இருந்தது. எப்போதும் விவசாயிக்கும் ஒரு கூறு போடுவோம், அவர் கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

"அஞ்சு" என்றேன். சகலன் என்னைப் பார்த்தார். பிறகு ஆறாவதைக் கலைத்து மற்றவற்றோடு சேர்த்தார்.

அந்த நேரம் பார்த்து விவசாயி வந்தார். கையில் எப்போதும் கொண்டுவரும் வெள்ளைப் பாத்திரம். மேசையோரமாக நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. கத்தியைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். மனைவி என்னைத் தாண்டி வந்து எங்கள் கூறிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அந்தப் பாத்திரத்தை நிரப்பினாள்.

"மனுசன் ஏனத்தோட நிக்குது" என்றாள் தமிழில், எனக்கு மட்டும்.

அவர் அவளுக்கு நன்றி சொன்னார். பிறகு என்னிடம் வந்து, உண்மையான கவலையோடு, "பாவம், எவ்வளவு ஆசையா வளத்தனியள்" என்றார். "வாற கூட்டத்தில நான் இதைச் சொல்லத்தான் போறன். லுக்ஸால அஞ்சு குடும்பம் ஆடு வளக்கிறதையே விட்டுட்டுது எண்டு. இதைக் கேட்டா பேர்னிலையும் யோசிப்பினம்."

கத்தியை மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒரு சொல்லும் பிசகாமல், மெதுவாகச் சொன்னேன்.

"லுக்ஸால இல்லை. உன்னால."

அவர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் கையைப் பிடித்தார்.

"விளங்குது" என்றார். "ரெண்டு ஆடு போனா எனக்கும் இப்பிடித்தான் கோபம் வரும்."